பதின்பருவத்தினருக்கான சமூகப் பிரச்சினைப் படைப்புப் போட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்படம், பாட்காஸ்ட், ஒளிப்படத் தொடர், அனிமேஷன் என ஏதாவது ஒரு வடிவில் சமூகப் பிரச்சினை ஒன்றைச் சொல்லும்படி பதின்பருவத்தினரை அழைக்கும் போட்டிகள் பல நாடுகளில் நடக்கின்றன. கலந்துகொள்ள நினைக்கும் இளையவர்களும், அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் வரும் மனிதர் பரிசைவிட முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். அனுமதி, பாதுகாப்பு பற்றிய பதில்கள் மற்றவற்றைவிட நீளமாக இருப்பது அதனால்தான்.

இவை என்ன மாதிரியான போட்டிகள்?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஐ.நா.வின் நாகரிகங்களின் கூட்டணி அமைப்பும் இடம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பும் சேர்ந்து 2009 முதல் நடத்திவரும் 'ப்ளூரல் பிளஸ்' விழா, இடப்பெயர்வு, பன்முகத்தன்மை, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் சமூகம் ஆகியவற்றைப் பற்றி 25 வயது வரையுள்ளவர்கள் எடுக்கும் குறுங்காணொளிகளைக் கேட்கிறது. யூனிசெஃப் ஆதரவில் நடந்துவந்த 'ஒன்மினிட்ஸ் ஜூனியர்' சரியாக 60 வினாடிப் படங்களைக் கேட்டது. அமெரிக்காவில் சி-ஸ்பான் தொலைக்காட்சி நடத்தும் 'ஸ்டூடண்ட்கேம்' போட்டிக்குப் பள்ளி மாணவர்கள் ஆவணப்படம் அனுப்புகிறார்கள். அங்கேயே என்.பி.ஆர். வானொலி மாணவர்களுக்கென்று பாட்காஸ்ட் போட்டி நடத்துகிறது.

நீளம், வயது, கருப்பொருள், மொழி எல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும். ஒரே போட்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடம் அக்கா கலந்துகொண்டாள் என்பதற்காக அவள் படித்த விதிகளையே நம்பி இறங்க வேண்டாம். இந்த ஆண்டின் விதிகளை முழுவதும் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

என் வயது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். பதிவு செய்யும் நாள், கடைசி நாள், ஆண்டின் முதல் நாள் என்று மூன்று விதமாகவும் இருக்கும். குழுவாக அனுப்பினால் பெரும்பாலும் எல்லாருமே வரம்புக்குள் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்து அநேகமாக எல்லா இடத்திலும் தேவை.

எந்தப் பிரச்சினையை எடுப்பது?

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். 'பருவநிலை மாற்றம்', 'பாலினச் சமத்துவம்', 'போதைப் பழக்கம்' என்று தலைப்பை எழுதி வைத்துக்கொண்டு படம் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது பாடப்புத்தகத்தின் அத்தியாயத் தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எங்கே கேமராவை நிறுத்துவது, யாரிடம் பேசுவது என்று தெரியாமல், கடைசியில் இணையத்தில் எடுத்த படங்களை ஒட்டி மேலே பின்னணிக் குரல் பேசும் ஒன்றாக முடிகிறது.

நீங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய, நடந்து போய்த் திரும்பக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பள்ளிக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதனால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் சில மாணவிகள். இது 'பாலினச் சமத்துவம்' என்னும் தலைப்புக்குள்தான் வருகிறது. ஆனால் இதில் கேட்க வேண்டியவை தாமாக வரிசையில் வந்து நிற்கின்றன. எப்போதிருந்து தாழ்ப்பாள் இல்லை? யாரிடம் சொன்னார்கள்? பழுது பார்ப்பது யார் பொறுப்பு? பணம் இல்லையா, கவனம் இல்லையா? தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று ஒரு மருத்துவர் சொல்வார். இவ்வளவுக்கும் விடை தேடினாலே ஐந்து நிமிடப் படம் கையில் இருக்கும்.

இப்படிப் பக்கத்தில் இருப்பவர் கையில் கேமராவைக் கொடுக்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்து, அவர்களுடைய அன்றாடத்தை அவர்களையே படமெடுக்கச் செய்தார்கள். எடுத்த படங்களை வைத்து அந்தப் பெண்களே பேசினார்கள். அந்தப் பேச்சு திட்டங்களை வகுப்பவர்கள் வரை போனது. 'ஃபோட்டோவாய்ஸ்' என்ற பெயரில் இன்று உலகம் முழுக்கப் பயன்படும் முறை அது. வெளியிலிருந்து வரும் நிபுணருக்குத் தெரியாத ஏதோ ஒன்று, அங்கேயே வாழ்பவருக்குத் தெரியும் என்பதே அதன் அடிப்படை. பதினைந்து வயதுக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களும் நிறைய இருக்கின்றன. உங்கள் படத்தின் பலம் அங்கேதான்.

சோகமாக இருந்தால்தான் பரிசு கிடைக்குமா?

இல்லை. ஆனால் பலர் அப்படி நினைப்பதால் ஒரே மாதிரியான படங்கள் வந்து குவிகின்றன. மெதுவான பியானோ, கறுப்பு வெள்ளை, ஸ்லோ மோஷனில் ஒரு கண்ணீர்த் துளி. இதில் எனக்கு உள்ள வருத்தம் ரசனை பற்றியது மட்டுமல்ல. அழும்போது மட்டுமே ஒருவரைக் காட்டினால், பார்ப்பவருக்கு அவர்மேல் இரக்கம் வரும், மரியாதை வராது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு மாணவர் படியேற முடியாமல் நிற்பதைக் காட்டுங்கள். கூடவே அவர் சதுரங்கத்தில் நண்பனைத் தோற்கடித்துவிட்டுச் சிரிப்பதையும் காட்டுங்கள். அப்போதுதான் அந்தப் படி ஒரு முழு மனிதரைத் தடுத்து நிறுத்துகிறது என்பது புரியும்.

படத்தின் முடிவில் தீர்வு சொல்ல வேண்டுமா?

விதிகளில் கேட்டிருந்தால் சொல்லத்தான் வேண்டும். கேட்காவிட்டால் வலிந்து சொல்ல வேண்டாம். 'மாற்றம் நம்மிடமிருந்தே தொடங்கட்டும்' என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து போடுவது தீர்வு ஆகாது. யாராவது எங்காவது ஏதாவது முயன்று பார்த்திருந்தால் அதைத் தேடிப் போய்க் காட்டுங்கள். பாதி வெற்றி என்றால் பாதி என்றே சொல்லுங்கள்.

நடித்து எடுப்பதா, உண்மை மனிதர்களைக் காட்டுவதா?

பாதிக்கப்பட்டவர் வெளியே தெரிந்தால் அவருக்கு ஆபத்து வருமா என்று முதலில் கேளுங்கள். வரும் என்றால் நடிப்பு, அனிமேஷன், பொம்மை, கைகளும் பொருள்களும் மட்டும் வரும் காட்சிகள் என்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன. வீட்டு வன்முறை, பாலியல் துன்புறுத்தல், குழந்தைத் திருமணம் போன்றவற்றுக்கு நான் நடிப்பையோ அனிமேஷனையோதான் பரிந்துரைப்பேன். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பல நாடுகளில் சட்டப்படியே குற்றம். நடிப்பு என்றால் 'உண்மைச் சம்பவம்' என்று ஆவணப்படத் தோரணையில் காட்டாமல், நடிப்பு என்றே தெரியப்படுத்துங்கள்.

யாரிடம், எப்படி அனுமதி வாங்க வேண்டும்?

முகமோ குரலோ தெரியும் ஒவ்வொருவரிடமும் வாங்க வேண்டும். அவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரிடமும் வாங்க வேண்டும், அவரிடமும் வாங்க வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காகப் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்காமல் விடக் கூடாது. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, படம் எடுத்துக் கருத்துச் சொல்லும் உங்கள் உரிமையைக் காக்கிறது. அதே உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, படத்தில் வரும் பிள்ளையின் தனிவாழ்வையும் காக்கிறது. இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன.

கையெழுத்தைவிட முக்கியம், எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்று அவருக்கு விளங்கியிருப்பது. 'போட்டிக்கு ஒரு சின்ன வீடியோ' என்று சொல்லிவிட்டு எடுத்தால், அந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லை. இந்தப் படம் இணையத்தில் வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், உங்கள் முதலாளியும் பக்கத்து வீட்டாரும் உறவினரும் பார்க்கலாம், பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருக்கலாம் என்று வாயால் சொல்லுங்கள். சொன்ன பிறகும் சரி என்றால்தான் சரி. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் விளக்கத்தையும் அவருடைய பதிலையும் ஒலியாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அது வெறும் பேச்சாக இருக்கக் கூடாது. அனுப்புவதற்குச் சில நாள் முன்பே முழுப் படத்தையும் அவரிடம் போட்டுக் காட்டி, அதற்கப்புறம் மாற்ற நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1967-ல் ஃபோகோ தீவு மீனவர்களைப் பற்றிப் படங்கள் எடுத்தபோது இயக்குநர் காலின் லோ இதைத்தான் செய்தார். தீவு மக்கள் தங்கள் காட்சிகளை முதலில் பார்த்தார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அரசு அதிகாரிகளுக்குக் காட்டப்பட்டது. தங்கள் படங்களைப் பார்த்ததால் தீவின் வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒருவர் பிரச்சினையை மற்றவர் தெரிந்துகொண்டார்கள். பின்னால் அங்கே மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவானதில் அந்தத் திரையிடல்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதாதா?

போதாது. குரல், நடை, சீருடை, வீட்டு வாசல், தெருப் பலகை, கையில் உள்ள தழும்பு, பின்னால் நிற்கும் வண்டியின் எண் எல்லாமே ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஊரில் அவரைத் தெரிந்தவர்களுக்கு ஒரே ஒரு அடையாளம் போதும். போனில் எடுக்கும் படங்களில் இடத்தின் விவரமும் பதிவாகியிருக்கலாம். எடுக்கும் முன்பே கேமரா அமைப்பில் அதை நிறுத்திவிடுங்கள். அடையாளம் தெரியவே கூடாது என்றால் அவர் சொன்னதை வேறொருவர் பேசட்டும். மங்கலாக்காத மூலக் கோப்பையும் பலருக்கு அனுப்பிவைக்க வேண்டாம்.

தற்கொலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிப் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், மிகுந்த கவனத்தோடு. இத்தகைய காட்சிகள் ஏற்கெனவே தளர்ந்திருப்பவரைப் பாதிக்கக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் திரைப்படக் கலைஞர்களுக்கென்றே இதைப் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் சாரத்தை மனதில் வையுங்கள். எப்படிச் செய்தார், எங்கே செய்தார் என்று காட்டாதீர்கள். ஒரே காரணத்தைச் சுட்டி எளிமையாக்காதீர்கள். வீரமாகவோ அழகாகவோ விடிவாகவோ காட்டாதீர்கள். நெருக்கடியைக் கடந்து வந்தவர்களையும், உதவி கேட்டுப் பெற்றவர்களையும் காட்டுங்கள். அப்படிக் காட்டுவது பார்ப்பவருக்குப் பாதுகாப்பாகவும் அமையலாம். உங்கள் நாட்டின் உதவி எண்ணைச் சரிபார்த்துப் படத்தில் சேருங்கள்.

இன்னொன்று. இந்தக் கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யாருக்காவது அந்த வலி நேரடியாக இருக்கக்கூடும். படப்பிடிப்பின் நடுவே ஒருவர் ஒதுங்கினால், பேசாமல் போனால், வேலையை நிறுத்துங்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். கடைசி நாள் தவறினாலும் தவறட்டும்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

போதும். படம் சற்றுச் சுமாராக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் பொறுக்க மாட்டார். ஆகவே உழைப்பைச் சத்தத்தில் போடுங்கள்.

இன்னொரு போன் கிடைத்தால் அதைப் பேசுபவரின் மார்புக்கு அருகே, சட்டைப் பைக்கு வெளியே வைத்து ஒலிப்பதிவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டும் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை கை தட்டினால், எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது. மின்விசிறியை நிறுத்துங்கள். வெற்றுச் சுவர்கள் உள்ள அறையில் எதிரொலிக்கும். துணியும் திரைச்சீலையும் உள்ள அறை நல்லது. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை மறைக்க அது உதவும்.

படத்துக்கு வந்தால், லென்ஸைத் துடையுங்கள், போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், செங்குத்தா படுக்கைவாட்டா என்று விதியில் பாருங்கள். பேசுபவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்க வேண்டாம். குழல்விளக்கின் கீழே படம் மினுங்கினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் வினாடிக்கு 25 ஃப்ரேம் வைத்துப் பாருங்கள், 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 30. 1080பி தரமே தாராளம்.

பிடித்த சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடலாமா?

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கூடாது. 'பத்து வினாடிக்குள் என்றால் பரவாயில்லை' என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அப்படி ஒரு பொது விதி கிடையாது. பாக் போன்ற பழைய மேதைகளின் இசைக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் அதை வாசித்துப் பதிவு செய்த குழுவுக்கு அந்தப் பதிவின்மீது உரிமை இருக்கலாம்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு (சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று படைப்பாளியே முன்கூட்டித் தரும் அனுமதி) வரும் இசையிலும் உரிமத்தின் வகையைப் பாருங்கள். மாற்றம் செய்யக் கூடாது என்ற வகையில் உள்ள பாட்டைக் காணொளியோடு சேர்ப்பதே மாற்றமாகத்தான் கருதப்படுகிறது, ஆகவே அதைப் பயன்படுத்த முடியாது. பெயர் குறிப்பிட வேண்டும் என்றால் இறுதியில் குறிப்பிடுங்கள். நண்பர்களில் யாராவது ஒருவர் புல்லாங்குழலோ கிதாரோ வாசிப்பார். அவரைக் கேட்டுப் பாருங்கள். அல்லது இசையே இல்லாமல் விடுங்கள். அந்த இடத்தின் இயல்பான ஓசைகளுக்கு இருக்கும் உயிர் பல நேரங்களில் இசைக்கு இருப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா?

சில போட்டிகள் தடை செய்கின்றன, சில குறிப்பிட்டால் போதும் என்கின்றன. பேச்சை எழுத்தாக மாற்றுவதற்கு, சப்டைட்டிலின் முதல் வரைவுக்கு, இரைச்சலை நீக்குவதற்குப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாதிக்கப்பட்டவர்களின் முகங்களை உருவாக்குவது வேறு. 2023-ல் கொலம்பியப் போராட்டங்களைப் பற்றிய பதிவுகளில் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் இப்படி உருவாக்கிய படங்களைப் பயன்படுத்தியது. போராடியவர்களின் அடையாளத்தைக் காப்பதே அதன் நோக்கம். இருந்தும் கடும் விமர்சனம் எழுந்தது, படங்களை நீக்க வேண்டி வந்தது. பொய்யான ஒரு படம் இருந்தால் உண்மையான மற்ற படங்களையும் சந்தேகிப்பார்கள். அடையாளத்தைக் காக்க ஓவியம் வரையுங்கள். அது ஓவியம் என்பது பார்த்தவுடனேயே தெரியும்.

புள்ளிவிவரங்களை எங்கிருந்து எடுப்பது?

அந்த எண்ணை முதலில் வெளியிட்டது யார் என்று கண்டுபிடியுங்கள். அரசுத் துறை, பல்கலைக்கழகம், ஐ.நா. அமைப்பு என்று மூலம் தெரியாத எண்ணைப் போடாதீர்கள். எந்த ஆண்டு, எந்த வயதினர், எத்தனை பேரில் என்று பாருங்கள். ஐந்து நிமிடப் படத்துக்கு ஒன்றிரண்டு எண்களே போதும்.

எந்த மொழியில் எடுப்பது?

பேசுபவர் எந்த மொழியில் யோசிக்கிறாரோ அந்த மொழியில். கூச்சத்தோடு ஆங்கிலத்தில் பேச வைத்து அவரை இறுக்கமாக்க வேண்டாம். பன்னாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில் கேட்கும். அதைப் போடுங்கள். அவருடைய பேச்சு வழக்கை 'திருத்தி' மேடைத் தமிழாக்காதீர்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்காகப் பேசும் மொழியிலேயே சப்டைட்டில் போட்டால் இன்னும் நல்லது. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வெளிச்சமான பின்னணியில் வெள்ளை எழுத்து மறைந்துவிடும், நிழலோ கறுப்புப் பட்டையோ கொடுங்கள்.

பெற்றோரும் ஆசிரியரும் எவ்வளவு உதவலாம்?

பெரியவர்களுக்கு இது. பாதுகாப்பு, அனுமதிக் கடிதம், பயணம் எல்லாம் உங்கள் பொறுப்பு. தயங்காமல் செய்யுங்கள். எடிட்டிங் மவுஸை மட்டும் தொடாதீர்கள். வசனத்தைத் திருத்திக் கொடுக்காதீர்கள். 'இந்தக் காட்சியில் எனக்கு இது புரியவில்லை' என்று சொல்லுங்கள். எப்படிப் புரிய வைப்பது என்பதைப் பிள்ளைகள் யோசிக்கட்டும். பெரியவர் கை பட்ட படத்தை நடுவர்கள் சீக்கிரமே கண்டுகொள்வார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை பேசாத சொற்கள் அதன் வாயில் இருக்கும். இன்னொரு வேண்டுகோள்: பள்ளியின் குறையைப் பற்றிப் படம் எடுத்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும் என்று தடுக்காதீர்கள்.

நீளம் அதிகமாகிவிட்டது. எதை வெட்டுவது?

முதலில் தலைப்பு அட்டை, லோகோ, வானத்தின் ட்ரோன் காட்சி, 'நாங்கள் இந்தப் பள்ளியில் படிக்கிறோம்' அறிமுகம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பலருக்கு இதிலேயே ஒரு நிமிடம் கிடைக்கும். அப்புறம் ஒரே கருத்தை இருவர் சொல்லும் இடங்களைத் தேடி, நேரில் அனுபவித்தவரை வைத்துக்கொண்டு மற்றவரை வெட்டுங்கள். பேட்டிகளை முழுதாகத் தாளில் எழுதி, வேண்டிய வரிகளைக் கோடிட்டு, பிறகு கணினி முன் உட்கார்ந்தால் பாதி நேரம் மிச்சமாகும். வெட்டும்போது ஒருவர் சொன்னதன் பொருள் மாறிவிடக் கூடாது. 'ஆனால்' என்று அவர் தொடர்ந்ததை நீக்கினால், அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும்.

படைப்பின் உரிமை யாருக்கு?

விதிகளில் 'உரிமம்' என்ற பகுதியைப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். உரிமை உங்களிடமே இருக்கும், திரையிடவும் விளம்பரப்படுத்தவும் எங்களுக்கு அனுமதி வேண்டும் என்றால் அது நியாயம். முழு உரிமையையும் எழுதிக் கொடுக்கச் சொன்னாலோ, பரிசு பெறாத படைப்பையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவோம் என்றாலோ யோசியுங்கள். வேறு போட்டிக்கு அனுப்பியதை ஏற்பார்களா என்பதும் அங்கேதான் இருக்கும்.

பதிவேற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கடைசி நாள் எந்த நேர மண்டலத்தில் முடிகிறது என்று பார்த்து, இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். ஏற்றிய கோப்பை வேறொரு போனில் முழுதாக ஓட்டிப் பாருங்கள். இணைப்பு மட்டும் அனுப்பினால், உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகும் அது திறக்கிறதா என்று சோதியுங்கள்.

பரிசு கிடைக்கவில்லை. படத்தை என்ன செய்வது?

தாழ்ப்பாள் பொருத்த வேண்டிய பொறுப்பில் இருப்பவரிடம் காட்டுங்கள். நேரம் கேட்டு, ஐந்து நிமிடப் படத்தைப் போட்டுக் காட்டி, என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பரிசளிப்பு மேடையைவிட அந்த அறையில் உங்கள் படத்துக்கு வேலை அதிகம். பேட்டி கொடுத்தவர்களுக்கு முடிவைத் தெரியப்படுத்துங்கள், பலர் காத்திருப்பார்கள்.

இணையத்தில் போடுவதாக இருந்தால், அதற்கும் சேர்த்து அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கருத்துப் பெட்டியை மூடிவையுங்கள், அல்லது நாள்தோறும் ஒருவர் அதைப் படித்து வசவுகளை நீக்கட்டும். படத்தில் உள்ளவர் ஒரு வருடம் கழித்து வந்து எடுத்துவிடச் சொன்னாலும் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அப்படி எடுக்க வேண்டி வந்தால் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதைக் குழு கலையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.